இடமும் பெயரும்: ஜப்பானியக் கைவினைகளின் வட்டார வேறுபாடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

ஜப்பானின் மரபுவழிக் கைவினைப் பொருள்களுள் பெரும்பாலானவற்றின் பெயர் இரண்டு உறுப்புகளால் ஆனது. முன்னுறுப்பு ஓர் இடப்பெயர். பின்னுறுப்பு ஒரு செய்தொழிலைக் குறிக்கும் சொல். பிசென்-யாக்கி, வஜிமா-நுரி, நிஷிஜின்-ஓரி என்பன போன்ற பெயர்கள் இவ்வமைப்புடையன. யாக்கி என்பது சுடப்பட்டது. நுரி என்பது பூசப்பட்டது. ஓரி என்பது நெய்யப்பட்டது. ஆகவே பிசெனில் சுட்டது, வஜிமாவில் பூசியது, நிஷிஜினில் நெய்தது என இப்பெயர்கள் நேரடியாகப் பொருள் தருவனபோல் தோன்றுகின்றன.

இத்தோற்றம் முழு உண்மையன்று. பெயரிலுள்ள இடம் சில பொருள்களில் மூலப்பொருள் கிடைக்கும் இடமாக உள்ளது. வேறு சிலவற்றில் அது மறைந்துபோன ஓர் ஆட்சிப் பகுதியின் பெயர். இன்னும் சிலவற்றில் சரக்கு ஏற்றப்பட்ட துறைமுகத்தின் பெயர். பொருளைச் செய்தவரின் ஊரை மறைத்து, வரியாக வாங்கியவரின் நாட்டைக் காட்டும் பெயர்களும் உண்டு. மலைகளாலும் பள்ளத்தாக்குகளாலும் பிரிக்கப்பட்ட தீவுகளில் வட்டாரந்தோறும் வெவ்வேறு கைவினைகள் இயல்பாகத் தோன்றின என்று பொதுநூல்கள் கூறும் விளக்கம் இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கும்போது போதாததாகின்றது. வட்டார வேறுபாடு இயற்கை தந்தது மட்டுமன்று. போர், ஆட்சி, வணிகம், வரி, சட்டம் ஆகியவற்றால் படிப்படியாக ஆக்கப்பட்டதுமாகும். இதனைப் பெயர்ச்சான்றுகளின் வழி விளக்குவதும், அதனால் மொழிபெயர்ப்பாளருக்கு எழும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்களின் அமைப்பு

இடப்பெயரை அடுத்து வரும் தொழிற்சொற்கள் சிலவே. மட்பாண்டத்திற்கு யாக்கி, மெருகுப்பூச்சுக்கு நுரி, நெசவுக்கு ஓரி, சாயத்திற்குச் சொமே, தாளுக்குக் காமி அல்லது ஷி, கோட்டுத்துணிக்கு ஷிமா எனப் பட்டியலிடலாம். தொடரில் இச்சொற்களுள் சிலவற்றின் முதல் மெய் ஒலிப்புடையதாக மாறும். ஷிமா என்பது ஜிமா ஆகும். சொமே என்பதன் முதலொலியும், காமி என்பதன் முதலொலியும் அவ்வாறே திரியும். தமிழில் வருமொழி முதல் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் ஜப்பானிய மொழியில் வல்லொலி மெல்கின்றது எனலாம். ககரத்திற்கு ஒரே எழுத்துடைய தமிழில் இத்திரிபு எழுத்தில் புலப்படாது. ஜகரம் போன்ற கிரந்த எழுத்து உள்ள இடத்தில் மட்டுமே அது வெளிப்படும். எனவே ஷிமா, ஜிமா என்னும் இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கருதும் பிழை மொழிபெயர்ப்பில் நேர வாய்ப்புண்டு.

இடப்பெயரே பொதுப்பெயராக மாறிய நிலையும் கருதத்தக்கது. கிழக்கு ஜப்பானில் பீங்கான், மட்பாண்டம் அனைத்தையும் பேச்சுவழக்கில் சேத்தோ-மோனோ என்பர். சேத்தோ என்பது இன்றைய ஐச்சி மாவட்டத்திலுள்ள ஊர். மோனோ என்பது பொருள். மேற்கே சுகோக்கு, ஷிக்கோக்கு, கியூஷூப் பகுதிகளில் அதே பொருள்களைக் கரத்சு-மோனோ என்று வழங்கினர். கரத்சு என்பது கியூஷூவின் வடகரையிலுள்ள துறைமுகம். ஒரு வீட்டில் எவ்வழியாகச் சரக்கு வந்து சேர்ந்ததோ, அவ்வழியின் தலைவாயிலே பொருளுக்குப் பெயராயிற்று. கிளைமொழி ஆய்வாளர் ஜப்பானிய மொழியைக் கிழக்கு, மேற்கு எனப் பிரித்து ஒலி, இலக்கண வேறுபாடுகளைக் கூறுவர். அப்பகுப்புடன் வைத்து நோக்கத்தக்க சொற்புவியியல் சான்று இஃது. ஆயின் இங்கு எல்லையை வகுத்தது மொழிமரபன்று; படகும் சந்தையுமே.

2. மண்ணின் பெயர்

பெயரிலுள்ள இடம் பொருளின் உடலிலேயே கலந்திருக்கும் சான்றுகளை முதலில் காண்போம். நோத்தோ தீவக்குறையில் உள்ள வஜிமாவின் மெருகுப் பாத்திரங்கள் உறுதிக்குப் பெயர் பெற்றவை. மரத்தாலான உடலின் நலிந்த பகுதிகளில் துணியை ஒட்டி, அவ்வூரில் கிடைக்கும் நுண்ணுயிர்ப் படிவ மண்ணைச் சுட்டுப் பொடித்து மரப்பாலுடன் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுவர். இப்பொடிக்கு ஜினோக்கோ என்று பெயர். மண்ணின் பொடி என்பது இதன் பொருள். வஜிமாவின் உறுதி இவ்வடிப்பூச்சைச் சார்ந்தது. எச்சிகோப் பகுதியின் எச்சிகோ-ஜோஃபு என்னும் மெல்லிய ராமி நார்த்துணிக்கு மண்ணுக்குப் பதிலாகப் பனி உதவுகின்றது. குளிர்கால ஈரப்பதத்தில் நூல் அறாமல் நெய்யப்பட்ட துணி, குளிர்காலத்தின் இறுதியில் பனிப்பரப்பின்மேல் விரித்து வெளுக்கப்படுகின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் இத்துணியைத் தன் பட்டியலில் சேர்த்தது.

இத்தகைய சான்றுகளிலும் இடத்தின் பங்கு நிலையானதாக இல்லை. அரித்தாவின் பீங்கான் இசுமியாமாக் குன்றின் கல்லைக் கொண்டு தொடங்கியது. பின்னர் அமாக்குசாத் தீவுகளின் கல்லே அதன் முதன்மை மூலப்பொருளாயிற்று. இன்று ஜப்பானில் பயன்படும் மெருகு மரப்பாலின் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகின்றது. உள்நாட்டு மரப்பாலில் பெரும்பங்கு இவாத்தே மாவட்டத்தின் ஜோபோஜிப் பகுதியில் எடுக்கப்படுகின்றது. மண் மாறினும் பெயர் மாறவில்லை. ஆகவே பெயரைத் தாங்கி நிற்பது மண் மட்டுமன்று. அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய செய்முறையும் ஆகும்.

செய்முறை ஊரைச் சார்ந்தது என்பதன் மறுபக்கத்தை 2024 ஜனவரி 1ஆம் நாள் நிகழ்ந்த நோத்தோ நிலநடுக்கம் காட்டியது. வஜிமாவில் நிலநடுக்கத்தோடு தீயும் பரவிப் பட்டறைகளையும் கடைகளையும் வீடுகளையும் அழித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை மீண்டும் சேதம் விளைத்தது. வஜிமா-நுரியில் மரம் கடைபவர், அடிப்பூச்சுப் பூசுபவர், மேற்பூச்சுப் பூசுபவர், பொன்னோவியம் தீட்டுபவர் என வேலை பலரிடையே பகிர்ந்து நடைபெறும். ஒருவர் ஊரைவிட்டு நீங்கினால் சங்கிலியின் ஒரு கண்ணி அறும். இடம் என்பது இங்கு நிலப்படத்தில் உள்ள புள்ளியன்று. ஒருவருக்கொருவர் நடந்து செல்லும் தொலைவில் வாழும் தொழிலாளர் கூட்டமே அது.

3. ஆட்சியின் பெயர்

பிசென், எச்சிசென், எச்சிகோ, தோசா, கக்கா, ஓமி, சத்சுமா, நம்பு, த்சுகரு ஆகிய பெயர்களுள் எதுவும் இன்றைய ஜப்பானின் மாவட்டப் பெயரன்று. இவற்றுள் பெரும்பாலானவை 7, 8ஆம் நூற்றாண்டுகளில் சீன முறையைப் பின்பற்றி அமைக்கப்பட்ட பழைய நாடுகளின் பெயர்கள். சில எதோக் காலத்தில் ஆண்ட குறுநிலத் தலைவர்களின் குடிப்பெயரோ அவர்தம் ஆட்சிப்பகுதியின் பெயரோ ஆகும். 1871இல் மெய்ஜி அரசு குறுநிலங்களை ஒழித்து மாவட்டங்களை ஏற்படுத்தியது. ஆட்சிப் பதிவேடுகளிலிருந்து நீங்கிய பெயர்கள் பானையிலும் தாளிலும் துணியிலும் நிலைத்தன. கைவினைப் பெயர்களை ஒரு நிலப்படத்தில் குறித்தால் 1871க்கு முந்திய ஜப்பான் புலப்படும் எனலாம்.

இப்பெயர்களுள் சிலவற்றில் இன்னும் பழமையான ஒரு பார்வைக் கோணமும் பொதிந்துள்ளது. எச்சிசென், எச்சிகோ என்பவற்றின் இறுதியுறுப்புகள் முறையே முன், பின் எனப் பொருள்படும். கோஷி என்னும் பழம்பகுதியில் தலைநகருக்கு அண்மையது முன்னெனவும் சேய்மையது பின்னெனவும் பெயர் பெற்றன. கிபி என்னும் பகுதி பிசென், பித்சூ, பிங்கோ என முன், நடு, பின் நாடுகளாகப் பிரிந்தது. வட்டாரப் பெயர் என நாம் எண்ணுவது உண்மையில் தலைநகரில் நின்று நோக்கியவரின் கூற்றாக அமைந்துள்ளது.

கைவினைகளின் வேறுபாட்டை வளர்த்ததில் குறுநில ஆட்சியின் பங்கு பெரிது. எதோக் காலத்தில் ஏறத்தாழ 260க்கும் மேற்பட்ட குறுநிலங்கள் இருந்தன. நெல்வரி மட்டும் போதாத நிலையில் தலைவர்கள் தத்தம் பகுதிக்குச் சிறப்பான விளைபொருள்களை ஊக்குவித்தனர்; சிலவற்றிற்கு விற்பனை உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஐசுப் பகுதிக்கு 1590இல் தலைவராக வந்த கமோ உஜிசத்தோ தம் பழைய நாடான ஓமியிலிருந்து மெருகுத் தொழிலாளரை வரவழைத்தார். ஐசு-நுரி வளர இது காரணமாயிற்று. நம்புத் தலைவர்கள் 17ஆம் நூற்றாண்டில் மொரியோக்காவிற்குக் கியோத்தோவிலிருந்து கெண்டி வார்ப்போரை அழைத்தனர். ஆகவே வட்டாரத்தின் தனித்தன்மை எனப் போற்றப்படுவது பலவிடங்களில் வேற்றூரிலிருந்து கொணரப்பட்டதே.

நம்பு-தெக்கி என்னும் இரும்பு வார்ப்புப் பொருளின் பெயர் வேறொரு வகையிலும் கருதத்தக்கது. இன்று இப்பெயரில் விற்கப்படும் பொருள்கள் மொரியோக்கா, மிசுசவா என்னும் இரு பகுதிகளில் செய்யப்படுகின்றன. மிசுசவா நம்புக் குறுநிலத்தைச் சேர்ந்ததன்று. தாத்தே குடியினரின் செந்தாய்க் குறுநிலத்தில் இருந்தது. இரண்டும் பின்னர் இவாத்தே மாவட்டத்தில் அடங்கியமையால் ஒரே பெயரைப் பெற்றன. பழைய ஆட்சியின் பெயர் புதிய ஆட்சியின் எல்லைக்குப் பரவிய நிலை இது.

வேற்றுநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வரலாறு பெயரில் இடம்பெறவில்லை. 1592 முதல் 1598 வரை தொயோதொமி ஹிதேயோஷி கொரியாவின்மீது நடத்திய படையெடுப்புகளின்போது மேற்கு ஜப்பானியத் தலைவர்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக் கொணர்ந்தனர். அரித்தா, ஹாகி, சத்சுமா ஆகிய மட்பாண்ட மரபுகள் அவர்களால் உருவாயின. அரித்தாவில் பீங்கான் கல்லைக் கண்டறிந்தவராக மரபு கூறும் யீ சாம்பியோங் அவர்களுள் ஒருவர். அதற்கு அவ்வூரார் கூறும் ஆண்டு 1616. பொருளின் பெயரோ கொண்டுவந்தவரின் ஆட்சிப்பகுதியை மட்டுமே குறிக்கின்றது.

4. துறைமுகத்தின் பெயர்

அரித்தாவில் செய்த பீங்கான் அருகிலுள்ள இமாரித் துறைமுகத்தில் கப்பலேறியது. வாங்கியவர்கள் அதனை இமாரி என்றனர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனத்தில் நிகழ்ந்த ஆட்சி மாற்றக் குழப்பத்தால் பீங்கான் வரத்துக் குறைய, டச்சு வணிகர்கள் இச்சரக்கை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அங்கும் இமாரி என்பதே பெயராயிற்று. இருப்புப்பாதை வந்தபின் சரக்கு துறைமுகத்தைச் சாராது சென்றது. அரித்தா என்னும் பெயர் வலுப்பெற்றது. இன்று சட்டப்பதிவில் இமாரி-அரித்தா என இரு பெயர்களும் இணைத்தே வழங்கப்படுகின்றன.

இதனையொத்த மற்றொரு சான்று முடிச்சுச் சாயத் துணி ஆகும். தோக்காய்தோ நெடுஞ்சாலையில் 1608இல் குடியமர்த்தப்பட்ட அரிமத்சுவில் இத்தொழில் வளர்ந்தது. ஆயின் அருகிலிருந்த நருமி என்பதே அச்சாலையின் அதிகாரபூர்வமான தங்கல் ஊர். வழிப்போக்கர்கள் நருமித் துணி என்றே சொல்லி வாங்கினர். இங்கும் பதிவுப்பெயர் அரிமத்சு-நருமி என இரண்டையும் ஏற்றுள்ளது. இரட்டைப் பெயர்களில் செய்தவரின் ஊரும் விற்றவரின் ஊரும் சமரசம் செய்துகொண்டன எனலாம்.

பெயர் ஊரைவிட்டே பெயர்ந்து சென்றதும் உண்டு. யுனெஸ்கோ 2014இல் ஏற்ற மூன்று கைத்தாள் மரபுகளுள் ஒன்று ஹொசொக்காவா-ஷி. ஹொசொக்காவா என்பது கீ நாட்டில் கோயா மலையடிவாரத்தில் இருந்த ஊர். செய்முறை எதோ நகரத்தின் தேவையை நோக்கிக் கிழக்கே சென்றது. இன்று அத்தாள் சைத்தாமா மாவட்டத்தில் செய்யப்படுகின்றது. குத்தானி-யாக்கியில் சிக்கல் இன்னும் ஆழமானது. பழங்குத்தானி எனப் புகழ்பெற்ற 17ஆம் நூற்றாண்டுக் கலங்களுள் பல உண்மையில் அரித்தாச் சூளைகளில் செய்யப்பட்டவை என்பது அகழாய்வுகளால் வலுப்பெற்ற கருத்து. வல்லுநர்கள் பெயரை விடவில்லை. அதனை ஒரு பாணியின் பெயராகக் கொண்டு விளக்கம் தருகின்றனர்.

5. கடல் கடந்து வந்த பெயர்

ஜப்பானியத் துணிப்பெயர்களுள் தமிழருக்கு நெருக்கமான ஒன்று உண்டு. எதோக் காலத்தில் மெல்லிய நூலால் நெய்த இறக்குமதிக் கோட்டுப் பருத்தித்துணியைச் சாந்தோமே-ஜிமா என்றனர். மயிலாப்பூரை ஒட்டிப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் அமைத்த சாந்தோம் குடியிருப்பே இப்பெயரின் மூலம். அந்நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், அவர்கள் 1639இல் விலக்கப்பட்டபின் டச்சுக்காரரும் சோழமண்டலக் கரையின் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டு சென்றனர். டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோட்டை இருந்தது. ஜப்பானில் 1641 முதல் நாகசாக்கியின் தெஜிமாத் தீவு அவர்களுக்குரிய இடமாயிற்று.

கோடு என்னும் பொருளுடைய ஷிமா என்ற சொல்லே தீவு என்னும் பொருளுடைய ஷிமாவிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தென்கடல் தீவுகளின் வழி வந்த சரக்கு, தீவுப்பொருள் எனப்பட்டுப் பின் அதன் கோட்டு வடிவையே குறிப்பதாயிற்று. சாந்தோமே என்னும் பெயர் ஒலிக்கேற்பச் சீன எழுத்துகளால் எழுதப்பட்டது; பின்னர் முதலுறுப்பான சான் மட்டும் எஞ்சி, அயல்நாடு என்னும் பொருளுடைய தோ என்பதுடன் சேர்ந்து தோசான் ஆயிற்று. புனித என்னும் போர்த்துக்கீசிய அடைமொழி நிலைத்தது, தோமையார் மறைந்தார். இத்துணியைப் பின்பற்றி உள்நாட்டிலும் நெய்தனர். 19ஆம் நூற்றாண்டில் கவகோயே அதற்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. சோழமண்டலக் கரையின் ஒரு குடியிருப்பின் பெயர் இவ்வாறு ஜப்பானிய வட்டாரக் கைவினை ஒன்றினுள் அடையாளம் தெரியாமல் உறைகின்றது.

வங்காளத்தின் பெயரும் இவ்வாறே பெங்காரா என்னும் செங்காவி நிறப்பொருளுக்கு ஆயிற்று. இந்நிறப்பொருள் பின்னர் உள்நாட்டிலேயே, குறிப்பாக இன்றைய ஒக்காயாமா மாவட்டத்தின் ஃபுக்கியாவில் செய்யப்பட்டது. வட்டாரம் என்பது மூடிய வெளியன்று என்பதற்கு இவை சான்று.

6. வரியும் மொழியும்: ரியூக்யூத் தீவுகள்

பெயரின் பின்னுள்ள அதிகாரம் மிகத் தெளிவாகப் புலப்படுவது தெற்கே ரியூக்யூத் தீவுகளில் ஆகும். தனியரசாக இருந்த ரியூக்யூவைச் சத்சுமாக் குறுநிலம் 1609இல் படையெடுத்து அடக்கியது. மியாக்கோ, யயேயாமாத் தீவுகளில் 1637 முதல் தலைவரி விதிக்கப்பட்டது. பெண்கள் அதனைத் துணியாகச் செலுத்தினர். ராமி நாரை நகத்தால் கிழித்து நூலாக்கி நெய்த மியாக்கோத் துணி சத்சுமாவின் வழியே பெருந்தீவுகளுக்குச் சென்றபோது சத்சுமா-ஜோஃபு எனப் பெயர் பெற்றது. நெய்தவர் தீவின் பெயர் நீங்கி, வரி வாங்கியவர் நாட்டின் பெயர் நின்றது. இத்தலைவரி 1903இல்தான் ஒழிந்தது. மியாக்கோ-ஜோஃபு என்னும் பெயர் பொதுவழக்குப் பெற்றமை அதனால் வெறும் சொல்மாற்றமன்று, ஒரு திருத்தமாகும்.

1879இல் ரியூக்யூ ஒக்கினாவா மாவட்டமாக்கப்பட்டது. பள்ளிகளில் பொதுமொழி புகுத்தப்பட்டது. தாய்மொழியில் பேசிய மாணவன் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிடும் வழக்கமும் ஏற்பட்டது. இந்நிலையில் 1938இன் இறுதியில் யனாகி முனேயோஷி ஒக்கினாவாவிற்கு வந்தார். மக்கள் கைவினை என்னும் பொருள்படும் மிங்கெய் என்ற சொல்லை 1925இல் நண்பர்களுடன் உருவாக்கியவர் அவர். டோக்கியோவில் 1936இல் மக்கள் கைவினை அருங்காட்சியகத்தையும் நிறுவியவர். தீவுகளின் துணிகளிலும் மட்பாண்டங்களிலும் ஈடுபட்ட அவரும் உடன்வந்தோரும் 1940 ஜனவரியில் பொதுமொழிப் பரப்புரையின் கடுமையைக் குறைகூறினர். மாவட்டக் கல்வித்துறை நாளிதழ்களில் மறுப்பு வெளியிட்டது. கிளைமொழி விவாதம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற இக்கருத்துப்போர் பல மாதங்கள் நீடித்தது.

இவ்விவாதத்தை எளிமைப்படுத்துதல் கூடாது. யனாகி பொதுமொழியை எதிர்த்தாரல்லர். இரண்டும் வேண்டும் என்றார். ஒக்கினாவாவின் பேச்சில் பழைய ஜப்பானியத்தின் தூய்மையைக் கண்டதால்தான் அதனை அவர் போற்றினார் என்று பிற்கால ஆய்வாளர் குறைகண்டனர். தீவினர் பலர் பரப்புரையை ஆதரித்தனர். வேலை தேடிப் பெருந்தீவுகளுக்குச் சென்ற இடத்தில் பேச்சினால் இழிவுபடுத்தப்பட்டவர்கள் அவர்கள். எனினும், ஒரு வட்டாரத்தின் நெசவைப் பாராட்டிவிட்டு அதனை நெய்பவரின் மொழியைப் பிழையென்று திருத்த முடியுமா என்னும் வினாவை அவ்விவாதம் வெளிப்படையாக எழுப்பியது. கைவினை வரலாற்றையும் மொழி வரலாற்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு இது மையமான வினாவாகும்.

அதற்கான விடை பெயர்களிலேயே உள்ளது. 1682இல் ரியூக்யூ அரசு சூளைகளை ஒன்றுசேர்த்த த்சுபோயாவின் மட்பாண்டம் பதிவேட்டில் த்சுபோயா-யாக்கி. ஒக்கினாவா மக்கள் மட்பாண்டத்தைச் சொல்லும் சொல் யாச்சிமுன். யாக்கிமோனோ என்னும் ஜப்பானியச் சொல்லுடன் இதனை ஒப்பிட்டால் கி என்பது சி ஆவதும், ஒகரம் உகரமாவதும் ஒழுங்கான ஒலித்தொடர்பாக அமைவதைக் காணலாம். இது சிதைந்த வழக்கன்று. உறவுடைய வேறொரு மொழியின் முறையான வடிவம். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் ஒக்கினாவா, மியாக்கோ, யயேயாமா உள்ளிட்ட ரியூக்யூ மொழிகள் தனிமொழிகளாகவே இடம்பெற்றன. வாழைநாரால் நெய்யப்படும் பாஷோஃபு இன்று அரசின் காப்புப் பெற்றுள்ளது. அத்தொழிலை விளக்கிய முதியோரின் மொழிக்கு அத்தகைய காப்பு கிட்டவில்லை.

7. சட்டத்தின் பெயர்

கைவினை, கலை என்னும் பாகுபாடே ஜப்பானில் மொழிபெயர்ப்பின் விளைவாகும். நுண்கலை என்னும் பொருளில் இன்று வழங்கும் பிஜுத்சு என்ற சொல், 1873இல் நடந்த வியன்னா உலகக் கண்காட்சியில் கலந்துகொள்வதற்காக ஜெர்மன் மொழி ஆவணத்தை மொழிபெயர்த்தபோது ஆக்கப்பட்டது. அதன்பின் கோகெய் என்னும் பழஞ்சொல், நுண்கலையில் சேராத கைத்தொழிலைக் குறிக்கும் வகையில் பொருள் சுருங்கியது.

1974இல் இயற்றப்பட்ட மரபுவழிக் கைவினைத் தொழில் வளர்ச்சிச் சட்டம் ஐந்து தகுதிகளை வகுத்தது. பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருத்தல், செய்முறையின் முதன்மைப் பகுதி கையால் நிகழ்தல், மரபுவழிச் செய்நுட்பம், மரபுவழி மூலப்பொருள், குறிப்பிட்ட வட்டாரத்தில் ஓரளவு எண்ணிக்கையினர் தொழில் நடத்துதல் என்பன அவை. மரபு என்பதற்கு நடைமுறையில் 100 ஆண்டுகள் அளவாகக் கொள்ளப்படுகின்றன. இன்றுவரை 240க்கும் மேற்பட்ட கைவினைகள் இவ்வகையில் ஏற்கப்பட்டுள்ளன. ஐந்தாம் தகுதியால் இடம் என்பது வருணனையாக மட்டுமன்றிச் சட்ட நிபந்தனையாகவும் ஆயிற்று. தனியொருவராக எஞ்சிய தொழிலாளி எவ்வளவு தேர்ந்தவராயினும் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வாரார்.

100 ஆண்டு என்னும் அளவினால் இளமையான மரபுகளும் இடம்பெற்றன. மாஷிக்கோவில் மட்பாண்டத் தொழில் 1853இல் தொடங்கியது. 1924இல் அங்குக் குடியேறிய ஹமதா ஷோஜியால் அது உலகப் புகழ் பெற்றது. மறுமுனையில், ஐனு மக்களின் கைவினைகளுக்கு 2013 வரை இடமில்லை. அவ்வாண்டு ஹொக்கைடோவின் நிபுத்தானியிலிருந்து இத்தா என்னும் செதுக்குத் தட்டும், அத்துஸ் என்னும் மரப்பட்டை நார்த்துணியும் ஏற்கப்பட்டன. இத்தா என்பது ஜப்பானிய மொழியில் பலகை. ஐனு மொழியில் தட்டு. ஒலியொப்புமையால் இப்பெயரை நிபுத்தானிப் பலகை என மொழிபெயர்த்தல் பிழையாகும். இங்குப் பின்னுறுப்பு யாக்கி, ஓரி போன்ற ஜப்பானியத் தொழிற்சொல்லன்று; ஐனுச் சொல்லே பதிவேட்டில் நிற்கின்றது. ஐனு மக்களைத் தொல்குடியினராக ஏற்கும் சட்டம் அதற்குப் பின் 2019இல்தான் வந்தது.

சட்டம் பெயரைக் காத்த அளவிற்குத் தொழிலைக் காக்க இயலவில்லை. 1970களின் இறுதியில் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 2010களின் நடுப்பகுதிக்குள் கால் பங்கிற்கும் கீழாகக் குறைந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சும் நிலை பல ஊர்களுக்கு நேரக்கூடியதே.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து தமிழாக்கத்திற்குரிய சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, இடப்பெயரை நீக்கி ஜப்பானிய மட்பாண்டம், ஜப்பானியப் பட்டு எனப் பொதுமைப்படுத்துதல் கூடாது. அவ்வாறு செய்தால் வரலாற்றுச் செய்தி முழுவதும் மறையும்.

இரண்டாவது, பழைய நாட்டின் பெயரை இன்றைய மாவட்டத்தின் பெயரால் மாற்றுதல் கூடாது. பிசென்-யாக்கியை ஒக்காயாமா மட்பாண்டம் என்றால் இடம் சரியாகும், காலம் பிழையாகும். முதல் வருகையில் ஒரு சிறு விளக்கம் தந்து, பின்னர் மூலப்பெயரையே ஆளலாம்.

மூன்றாவது, பொதுப்பெயராகிவிட்ட இடப்பெயரை இடப்பெயராக மொழிபெயர்த்தல் கூடாது. ஒரு புதினத்தில் தாய் சேத்தோ-மோனோவை எடுத்து வைத்தாள் என வந்தால், அவள் எடுத்து வைத்தது பீங்கான் பாத்திரமே. அது சேத்தோவில் செய்யப்பட்டதாக இருக்கவேண்டியதில்லை. கரத்சு-மோனோ என வந்தாலோ அவள் மேற்குப் பகுதியினள் என்பது குறிப்பு. அக்குறிப்பைப் பேச்சுநடையாலோ வேறு வகையாலோ காட்ட முயலவேண்டும்.

நான்காவது, நுரி என்பதற்கு அரக்குப்பூச்சு எனத் தமிழில் எழுதும் வழக்கம் மறு ஆய்வுக்குரியது. அரக்கு ஒரு பூச்சியினம் சுரக்கும் பிசின். ஜப்பானியர் பயன்படுத்தும் உருஷி ஒரு மரத்தின் பால். முன்னது சூட்டில் உருகும். பின்னது ஈரப்பதமுள்ள காற்றில் இறுகியபின் உருகாது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லும் அரக்கைக் குறிக்கும் இந்தியச் சொல்லின் வழியே உருவானது. அக்குழப்பமே தமிழுக்கும் வந்தது. உருஷி மெருகு அல்லது மரப்பால் மெருகு என்பது பொருத்தமாகலாம்.

ஐந்தாவது, ஒரு பொருளுக்குப் பதிவுப்பெயர், உள்ளூர்ப்பெயர் என இரண்டு இருப்பின் யார் கூற்றில் எது வருகின்றது என்பதைக் காத்தல் வேண்டும். யாச்சிமுன் என்று கூறும் குயவரின் வாயில் த்சுபோயா-யாக்கியை வைத்தல், மரப்பலகையை மீண்டும் அவர் கழுத்தில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

9. முடிவுரை

ஜப்பானியக் கைவினைகளின் வட்டார வேறுபாடு நிலமும் தட்பவெப்பமும் தந்த கொடையாக மட்டும் அமையவில்லை. பிடித்துவரப்பட்ட குயவரும், குறுநிலத் தலைவரின் கருவூலத் தேவையும், துறைமுக வணிகமும், தலைவரியும், இறுதியில் 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஆக்கின. கைவினைப் பெயர்கள் இவற்றுள் சிலவற்றைக் காட்டுகின்றன, சிலவற்றை மறைக்கின்றன. அரித்தா, இமாரி என்னும் இரட்டைப் பெயரும், சத்சுமா என்பது மியாக்கோ ஆனதும், தோசானில் சாந்தோம் ஒளிந்திருப்பதும் ஒரே செய்தியின் வெவ்வேறு வடிவங்கள்: பெயரிடும் உரிமை செய்தவரிடம் எப்போதும் இருந்ததில்லை. மொழியியலார் இப்பெயர்களைச் சொற்புவியியல் சான்றாகக் கொள்ளும்போதும், மொழிபெயர்ப்பாளர் அவற்றைப் பிறமொழிக்குக் கொண்டுவரும்போதும், பெயர் யாருடையது, பொருள் யாருடையது என்னும் இரு வினாக்களையும் தனித்தனியே எழுப்புதல் இன்றியமையாதது.